காதால் ஓட்டிய கப்பல்

தூத்துக்குடியில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்த்த ஜெனிட்டாவுக்கு, அவள் நேரில் பார்த்தேயிராத சீடர் ஒருவர் இருந்தார். பெயர் உமையொருபாகம். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பாளையங்கோட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். வலது கையின் மூன்று விரல்களை மெஷின் எடுத்துக்கொண்ட பிறகு வீட்டோடு இருந்தார்.

இருவரையும் சேர்த்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதன் வெளிநாட்டுப் பெயர் வாயில் நுழையாததால் நம் ஆட்டக்காரர்கள் அதைக் ‘கப்பல்’ என்றே சொன்னார்கள். பாறைகளும் புயலும் உள்ள கடலில் ஒரு பாய்மரக் கப்பலை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

காயல்பட்டினத்தைச் சேர்ந்த நூகு அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன். பத்தொன்பதாவது வயதில் ஒரு காய்ச்சலில் அவனுக்குப் பார்வை போனது. மூன்று வருடம் கழித்து, ஆட்டக்காரர்கள் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் அவன் ஒரு கேள்வி கேட்டான். கண் இல்லாமல் கப்பல் ஓட்ட ஏதாவது வழி உண்டா?

பலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஜெனிட்டா மட்டும் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். இருபது முறை மோதினாள். பிறகு அதற்கான புரோகிராமை எழுத ஆரம்பித்தாள்.

ஒரு விளையாட்டை உண்டாக்கிய கம்பெனி அல்லாமல், அதை விளையாடுகிறவர்களே செய்து அதோடு சேர்க்கும் பகுதிக்கு மோட் என்று பெயர். ஜெனிட்டா செய்த மோட் பாறை நெருங்கும்போது ஒலியெழுப்பியது. இடப்பக்கப் பாறை இடக்காதில், வலப்பக்கப் பாறை வலக்காதில். நெருங்க நெருங்க ஒலி தடித்தது. திரையில் இருந்த எழுத்தையெல்லாம் அது வாய்விட்டுப் படித்தது. பிரேசிலில் இருந்த ஒருவர் அலையோசைகளைப் பதிவுசெய்து கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தர்ஷினி என்ற பெண் குரல் கொடுத்தாள். யாரும் காசு கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் பல தேசங்களில் முந்நூற்று நாற்பது பேர் காதால் கப்பல் ஓட்டினார்கள்.

மோட் செய்வது எப்படி என்று ஜெனிட்டா அதே பக்கத்தில் பாடம் எழுதினாள். அதைப் படித்துத்தான் உமையொருபாகம் கற்றார். ஒற்றைக் கையால் முழு ஆட்டத்தையும் ஆடும்படி அவரும் ஒரு மோட் செய்தார். தன்னைப் போன்றவர்களுக்கு அதைச் சும்மா கொடுத்தார். வயதில் சிறியவளான அவளை அன்றிலிருந்து டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அப்போதுதான் கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. இனி மோட்களுக்குக் கம்பெனியே கடை திறக்கும். நல்ல மோட்களைத் தேர்ந்தெடுத்து, அங்கீகாரம் கொடுத்து, விலை வைத்து விற்கும். செய்தவருக்கும் பங்கு உண்டு.

இணையப் பக்கம் இரண்டாகப் பிளந்தது. உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பதில் என்ன தப்பு என்று ஒரு பக்கம். பத்துப் பேர் கூடிச் சும்மா கொடுத்ததை ஒருவர் பெயரில் எப்படி விற்பது என்று மறுபக்கம். உமையொருபாகம் இரண்டாவது பக்கம். எங்கள் டீச்சர் விற்க மாட்டார் என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

ஜெனிட்டா ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்துக் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டாள்.

ஏன் என்று அவர் கேட்டபோது அவள் ஒரே வரியில் பதில் அனுப்பினாள். அடுத்த மாதத்திலிருந்து அங்கீகாரம் இல்லாத மோட் எதுவும் ஆட்டத்தில் திறக்காது, நூகு ஓட்ட வேண்டும் அல்லவா என்று. பணமும் தேவைதான் என்று அதன் கீழே தனியாக எழுதியிருந்தாள்.

சீடர் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இலவசமாகக் கிடக்கும் பழைய மோட் எல்லா இடத்திலிருந்தும் எடுக்கப்பட வேண்டும். எழுதியது எல்லாம் இனிக் கம்பெனிக்குச் சொந்தம். அவள் கூட்டாளிகள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டாள். தர்ஷினி உடனே சரி என்றாள். பிரேசில்காரர் மறுத்தார். விற்பதற்காகத் தான் கடலுக்குப் போகவில்லை என்று எழுதினார். அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அவருடைய அலைகளை எடுத்துவிட்டாள். நான்கு ஞாயிற்றுக்கிழமை முயல்தீவுக் கரையில் நின்று தானே அலைகளைப் பதிவு செய்தாள்.

துரோகி என்று பலர் எழுதினார்கள். அவள் எல்லாவற்றையும் படித்தாள். எதையும் அழிக்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் ஏமாற்றவில்லை. சொன்ன பங்கு சொன்ன தேதியில் வந்தது. அவள் அப்பாவின் கண்புரை ஆபரேஷன் அந்தப் பணத்தில்தான் நடந்தது. மோட் முன்பைவிட நன்றாக ஓடியது. ஆனால் பேங்க் கார்டு இல்லாதவர்களால் வாங்க முடியவில்லை. அவர்களுக்காவது சும்மா கொடுங்கள் என்று கேட்டாள். கடையில் அப்படி ஒரு வசதி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. முந்நூற்று நாற்பது பேர் இருநூற்றுப் பத்தானார்கள்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு கம்பெனி ‘கப்பல்’ விளையாட்டின் அடுத்த பாகத்தை வெளியிட்டது. பழைய ஆட்டத்தின் கடையை மூடியது. கடையோடு இணையப் பக்கத்தையும் மூடியது. மோட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடையிடம் அனுமதி கேட்கும்படி செய்யப்பட்டிருந்தது. அனுமதி கொடுக்க இப்போது கடை இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் மோட் திறக்கவில்லை.

ஜெனிட்டா தான் எழுதியதன் உரிமையைத் திருப்பிக் கேட்டாள். அவளோடு பேசிக்கொண்டிருந்த பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். புதிதாக வந்தவர் விசாரிப்பதாகச் சொன்னார். ஆறாவது கடிதத்துக்கு, இயலாது என்று பதில் வந்தது.

இதெல்லாம் உமையொருபாகத்துக்குத் தெரியும், அவளே தபாலில் எழுதியிருந்தாள். தெரிந்த பிறகுதான் அவருக்கும் ஒரு கடிதம் வந்தது. புதிய ஆட்டத்துக்கு அவருடைய ஒற்றைக்கை மோட் வேண்டுமாம். ஆட்டத்துக்குள் புகாமல் கீபோர்டில் மட்டும் வேலை செய்ததால் அது இதுவரை அங்கீகாரம் இல்லாமலே ஓடிவந்தது. அங்கீகாரம், விலை, பங்கு எல்லாம் உண்டு. நிபந்தனைகள் அதே இரண்டு.

அவர் மகள் சிவகாமிக்கு அந்த வருடம் நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. மனைவி கடிதத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாக ஒன்றும் கேட்காமல் இருந்தாள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்.

திரேஸ்புரத்தில் ஜெனிட்டாவின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. அவள் அப்பா கதவைத் திறந்து, உள்ளே வேலையாக இருப்பதாகச் சொன்னார்.

ஜெனிட்டா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்செட். திரையில் கப்பல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவள் கைகள் மடியில் இருந்தன. வாய்தான் ஓயாமல் பேசியது. இடது. இன்னும் கொஞ்சம் இடது. நேரா. முன்னால பாறை. நிறுத்து.

கப்பலை ஓட்டியவன் காயல்பட்டினத்தில் இருந்த நூகு. அவன் திரையில் தெரிந்தது போன் வழியாக அவள் திரையிலும் தெரிந்தது. அவள் பார்த்துச் சொன்னாள். அவன் கேட்டு ஓட்டினான்.

அவரைக் கண்டதும் அவள் எழுந்து கும்பிட்டாள். முதல் சந்திப்பு. அவர் உட்காரவும் இல்லை, கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்துப் போடலாமா டீச்சர்? இத மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்."

அவள் கடிதத்தை முழுவதும் படித்தாள். மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள். ஹெட்செட்டைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள்.

"நூகு, என் கூடப் படிச்சவங்க வந்திருக்காங்க. கொஞ்ச நேரம் அவங்க சொல்லுவாங்க" என்றாள்.

அவருக்குக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்றே தெரியவில்லை. பாறை தெரிந்தது. பாறை என்றார். எந்தப் பக்கம் என்று நூகு கேட்பதற்குள் கப்பல் மோதிவிட்டது. மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை பக்கத்தைச் சொன்னார், தூரத்தைச் சொல்லவில்லை. மோதியது. மூன்றாம் முறை அவர் வலது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் ஊனக் கையை வலப்பக்கம் நீட்டிக் காட்டினார். நீட்டிய பிறகுதான் அவன் பார்க்க மாட்டான் என்பது உறைத்தது. கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

"பரவாயில்ல அண்ணாச்சி. புதுசுல்லா. அக்காவும் மொதல்ல என்னய நெறைய முக்கினாங்க" என்றான் நூகு. குரலில் சிரிப்பு இருந்தது.

அரை மணி நேரத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. கண் பார்த்து, மனம் புரிந்து, வாய் சொல்லி, அது அவன் காதில் விழுவதற்குள் கடல் மாறிவிடுகிறது. மோட் இதை நொடிக்குள் செய்தது. அது இருந்தபோது நூகு தனியாளாகப் புயலுக்குள் போய்த் திரும்பியவன். அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பல தேசத்துக்காரர்கள் வியந்து எழுதியிருந்தார்கள். இப்போது அவன் துறைமுகத்தைத் தாண்டவில்லை. அலையில்லாத நீரில், கரையை ஒட்டியே, போய்ப் போய் வந்தான்.

அசருக்கு நேரமாகிவிட்டது, தொழுதுவிட்டு வருகிறேன் என்று நூகு சொன்னான். வைப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினான்.

"அண்ணாச்சி, அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

ஜெனிட்டா அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்றார்.

"டெய்லி ஆபீஸ் விட்டு வந்து எனக்காக உக்காருதாங்க. எனக்கு இதுல இப்ப ருசி இல்ல. சொன்னா அவங்க மனசு ஒடஞ்சிரும். அதனால ஓட்டுதேன். நீங்க சொல்லிராதீங்க."

இணைப்பு நின்றது. உமையொருபாகம் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

ஜெனிட்டா காபியோடு வந்தாள். இடது கைக்கு வாகாக டம்ளரை வைத்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஏழு மாதம் என்றாள்.

"அவனுக்கு இது பிடிச்சிருக்கா டீச்சர்?"

"இல்ல" என்றாள். "எனக்காக ஓட்டுதான். தெரியும். நானும் தெரியாத மாதிரி இருக்கேன்."

அவர் காபியைக் குடிக்கவில்லை. பழைய மோட்டின் பிரதி ஒன்று அவளிடம் இருக்குமே, அதை யாருக்கும் தெரியாமல் நூகுவுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். கொடுத்துப் பார்த்ததாக அவள் சொன்னாள். திறக்கவில்லை. ஒப்பந்தத்தை மீறியாகிவிட்டது, பலனும் இல்லை. புதிதாக எழுதினாலும் அங்கீகாரம் இல்லாமல் திறக்காது. அங்கீகாரம் கொடுக்க ஆளில்லை.

"அப்ப கையெழுத்துப் போடாம இருந்திருந்தா?"

"அந்த மாசமே நின்னிருக்கும். ஒன்றர வருசம் ஓட்டுனாங்க. அப்பாவுக்குக் கண்ணு தெரியுது. அதையெல்லாம் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணாச்சி."

"போட்டது சரின்னும் சொல்ல மாட்டேங்கீங்க."

அவள் திரையை அணைத்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. பஸ் ஏறி வந்தது இதற்கல்ல. டீச்சர் ஏதாவது ஒன்றைச் சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தார். தன் மோட்டை வைத்து ஆடுகிறவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர் என்றார். அதில் ஒருத்தர் காலால் ஆடுகிறவர். ஒரு பெண்ணுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, மோட்டுக்கென்று தான் நடத்தும் பக்கத்தில் அவள் தினமும் காலையில் தனக்கு வணக்கம் எழுதுகிறாள். சிவகாமிக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை. இதையெல்லாம் சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே அவள் அப்பா ரேடியோவைக் குறைத்தார்.

ஜெனிட்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போடுங்க" என்றாள். "புள்ள படிக்கணும்ல."

அவர் தலை குனிந்தார். போடு என்ற வார்த்தைக்காகத்தான் வந்தார் என்பது அது கிடைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆனால் மனம் இறங்கவில்லை. எழுந்தவர் நிலைப்படியில் நின்றார்.

"டீச்சர், உங்க மோட்ட இருநூத்திப் பத்துப் பேர் வச்சிருந்தாங்க. நீங்க நூகுக்கு மட்டும் சொல்லுதீங்க. மத்தவங்க என்ன ஆனாங்க?"

அவள் வாசல்வரை வந்தாள்.

"தெரியாது. கம்பெனியோட இணையப் பக்கத்துல அவங்க வச்சிருந்த பேருதான் எனக்குத் தெரியும். ஒருத்தர் பேரு நண்டு. ஒருத்தர் பேரு சாயங்காலம். பக்கத்த மூடுன அன்னிக்கு எல்லாரும் போயிட்டாங்க. நூகு வீட்டுலருந்து ஒரு தடவ என் ஆபீஸ் வழியா பார்சல் வந்துச்சு. அதுல அவன் போன் நம்பர் இருந்தது. அதனால அவன் மட்டும் இருக்கான்."

உமையொருபாகம் செருப்பை மாட்டக் குனிந்தார். ஒற்றைக் கையால் வார் சிக்கவில்லை. அவள் குனிந்து மாட்டிவிட்டாள். குனிந்தபடியே சொன்னாள்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி, அந்த நூத்திப் பதினெட்டுப் பேர்கிட்டயும் நம்பர் வாங்கி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."