ஆறு கட்டை ரெங்கம்மாள்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தொன்பது. தலைகீழாக இருக்கிறதே என்றால் நான் என்ன செய்ய, பல்கலைக்கழகம் அப்படித்தான் சேர்த்து வைத்தது.

சீடர் பெயர் சவரிமுத்து. முப்பது வருஷம் மதுரைப் பக்கத்து நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்தவர். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்து, இசைத்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். "டாக்டராகி யாருக்கு ஊசி போடப் போறே?" என்று கூட்டாளிகள் கேலி பண்ணினார்கள். அவர் சட்டை செய்யவில்லை. நெறியாளர் கயல்விழி இவரை ஐயா என்பார், இவர் அவரை அம்மா என்பார். இப்படியே ஏழு வருஷம் ஓடிப்போயிற்று.

ஆய்வுக்கு உயிரே மூன்றாம் இயல்தான். பழைய நாடக இசைத்தட்டுகள் பதினான்கைச் சேர்த்து, ஒவ்வொருவரும் எந்தச் சுருதியில் பாடினார்கள் என்று ஆர்மோனியத்தில் ஒத்துப்பார்த்து எழுதியிருந்தார். அதில் விருதை ரெங்கம்மாள் பாடியது ஆறு கட்டை. கட்டை ஏற ஏறச் சுருதி உயரும்; ஆறு என்பது பெரிய பாடகர்களே அஞ்சும் உயரம். நாடக மேடையில் அப்படிப் பாடிய பெண் வேறு யாருமில்லை என்று நிறுவியிருந்தார். புறத்தேர்வாளர் தம் அறிக்கையில் அந்த இயலைத்தான் வானளாவப் புகழ்ந்திருந்தார்.

வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. திங்கட்கிழமை காலையில் சவரிமுத்து ரெங்கம்மாள் தட்டை வைத்து ஒருதரம் வாசித்துப் பார்த்தார். பாட்டு முடிகிற சமயத்தில் தபால்காரர் கூப்பிட்டார், இவர் எழுந்து வாசலுக்குப் போனார். தட்டு தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னப்பிள்ளை பேசுகிற சத்தம் கேட்டது. வீட்டில் சின்னப்பிள்ளை யாரும் கிடையாது.

அந்தக் காலத்தில் பாடி முடித்ததும் பாடகர் தம் பெயரைச் சொல்வது வழக்கம். இவரோ ஆர்மோனியக்காரர். பாட்டு முடிந்தால் கையை எடுத்துவிடுவதுதான் பழக்கம். ஏழு வருஷமும் பாட்டு முடிந்த நொடியில் முள்ளை எடுத்திருக்கிறார், பெயரைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டார். பாடியபோது நாற்பது வயதாகியிருந்த ரெங்கம்மாள் சின்னப்பிள்ளையின் கீச்சுக் குரலில் பெயர் சொன்னாள். கிராமபோனின் வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பேச்சு ஒரு பெண்ணின் பேச்சாக மாறிய இடத்தில் பாட்டு நாலரைக் கட்டையில் நின்றது. நீளமான பாட்டைத் தட்டுக்குள் அடக்க மெதுவாகச் சுற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள்; அதை வழக்கமான வேகத்தில் ஓட்டினால் குரல் ஏறிவிடுகிறது. ஆறு கட்டை என்பதே பொய்.

சவரிமுத்து தட்டை எடுத்து உறையில் போட்டார். கால நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. ஆய்வேட்டைத் திருப்பிவிட்டால் அவ்வளவுதான், பட்டம் கிடையாது. நேரே கயல்விழியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நான் சொல்லாம விட்டா இது யாருக்கும்மா தெரியும்?"

கயல்விழி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அலமாரியைத் திறந்து தம் சொந்த ஆய்வேட்டை எடுத்து, நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். சவரிமுத்துவுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூறில் எழுதிய ஒரு பாட்டு நோட்டைப் பற்றியது. பையன்கள் பாடிய பெண் வேஷப் பாட்டுக்கெல்லாம் ஓரத்தில் 'ஆறு கட்டை' என்று குறித்திருந்த நோட்டு.

"இதை உங்க ஏட்டுல எத்தனை இடத்துல மேற்கோள் காட்டியிருக்கீங்க ஐயா?"

"நாலு இடத்துலம்மா."

"நாலும் தப்பு."

தம் வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம், அந்த நோட்டின் தாளை எதேச்சையாக வெளிச்சத்தில் பிடித்ததாகச் சொன்னார் கயல்விழி. தாளுக்குள் காகித ஆலையின் முத்திரை தெரிந்தது. அந்த ஆலை தொடங்கியதே நாற்பது வருஷம் கழித்து. யாரோ பின்னால் எழுதி, பழைய தேதி போட்டிருக்கிறார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. பட்டமும் வந்தது, வேலையும் வந்தது.

"யாருக்குத் தெரியும்னு கேட்டீங்களே. எனக்குத் தெரியும், பதினாலு வருஷமா."

ஆய்வேட்டை மூடி அலமாரியில் வைத்தார். சவரிமுத்து எழுந்தார். வீட்டுக்குப் போய் மூன்று நாள் பதினான்கு தட்டுகளையும் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டார்.

வியாழக்கிழமை கிராமபோனைத் தோளிலும் ஆர்மோனியத்தைக் கையிலும் சுமந்துகொண்டு அரங்கத்துக்கு வந்தார். பின்வரிசையில் நாடகக் கூட்டாளிகள் பத்துப் பேர் திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். புறத்தேர்வாளர் மூன்றாம் இயலைப் பாராட்டிப் பேச ஆரம்பித்தார்.

"மன்னிக்கணும் ஐயா. நீங்க பாராட்டுற இயல் தப்பு," என்றார் சவரிமுத்து.

கிராமபோனை மேசைமேல் வைத்தார். அவர் தட்டை ஓடவிட்டார். கீச்சுக் குரல் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். திருகைத் தளர்த்தி மறுபடி ஓடவிட்டார். பாட்டு இறங்கி, கனத்து, நிறைந்து வந்தது. முடிவில் "விருதை ரெங்கம்மாள்" என்று ஒரு பெண் நிதானமாகத் தன் பெயரைச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பதினான்கு தட்டில் ஒன்பது இப்படித்தான் என்று சொல்லி, ஒவ்வொன்றின் சரியான சுருதியையும் சவரிமுத்து ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினார். பயந்துகொண்டு வந்த மனுஷன், கச்சேரி களைகட்டிய வித்துவானைப் போல நின்றார்.

புறத்தேர்வாளர் லேசுப்பட்டவர் இல்லை. ஏட்டைப் புரட்டினார். "சரி. ஆனால் ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூறாம் வருஷத்து நோட்டிலேயே ஆறு கட்டை என்று இருப்பதாக உங்கள் நெறியாளரை நான்கு இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு என்ன பதில்?"

பதில் சவரிமுத்துவுக்குத் தெரியும். சொன்னால் குருவின் மானம் போகும், சொல்லாவிட்டால் ஏழு வருஷம் போகும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போனால் போகட்டும் என்றே முடிவுகட்டிவிட்டார்.

கயல்விழி எழுந்தார். தேர்வில் நெறியாளர் குறுக்கே பேசக்கூடாது. ஆனாலும் பேசினார்.

"அந்த நோட்டு பிற்காலத்தது. எனக்கு அப்பவே தெரியும், மறைச்சிட்டேன். தப்பு என்னோடது, அவரோடது இல்லை. துறைக்கு இன்னைக்கே எழுதிக் கொடுக்கிறேன்."

தேர்வாளர்கள் உள்ளே போய் அரைமணி நேரம் பேசினார்கள். வெளியே வந்து, மூன்றாம் இயலைத் திருத்தி அச்சிட வேண்டும் என்றும், திருத்தம்தான் இந்த ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு என்றும், சவரிமுத்துவுக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாகவும் அறிவித்தார்கள். பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. ஆளாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். கேலி பண்ணினவர்கள்தான் அவரை முதலில் தூக்கினார்கள்.

இறங்கியதும் சவரிமுத்து கயல்விழியைத் தேடிப் போனார். போர்த்திய சால்வைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னாலதானேம்மா இத்தனை பேர் முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு."

கயல்விழி சிரித்தார்.

"தலைகுனிவா? பட்டம் வாங்கிப் பதினாலு வருஷம் ஆச்சு ஐயா. வாய்மொழித் தேர்வு இன்னைக்குத்தான் முடிஞ்சது."