பாத்ரூம் கொடுத்த வாக்குமூலம்

பொருட்கள் வாய் திறந்து பேசினால் யாரும் பதறாத ஒரு காலத்தில், துறைமுகத்துக்கு வடக்கே கருவாட்டுமேடு என்றொரு குடியிருப்பு இருந்தது. நாலு மாடிக் கட்டடங்கள் பன்னிரண்டு, தண்ணீர் லாரி நிற்கும் ஒரு மைதானம், ஒரு சாக்கடைக் கால்வாய், அதன் மேல் ஒரு பாலம். தெருமுனையில் ஃபிலோமினா இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். நேர் எதிரே காவல் நிலையம். குடியிருப்புக்காரர்களின் சட்டையும் போலீஸ்காரர்களின் காக்கியும் அவளுடைய ஒரே பெட்டியின் சூட்டில்தான் மடிப்பு எடுத்தன.

கருவாட்டுமேட்டு ஜனங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. இரண்டு கும்பல்கள் பட்டாக்கத்தியோடு மோதிக்கொள்ளும். மறுநாள் போலீஸ் வரும். வெட்டியவர்கள் அதற்குள் ஊரை விட்டுப் போயிருப்பார்கள். டீக்கடையில் நின்றவன், துணி காயப்போட வந்தவன், வேலைக்குக் கிளம்பியவன் என்று கையில் சிக்கியவர்கள் ஜீப்பில் ஏறுவார்கள். திரும்பி வரும்போது வலது கையில் மாவுக்கட்டு இருக்கும். எல்லாருடைய காகிதத்திலும் ஒரே காரணம்: 'காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்தார்.'

ஃபிலோமினாவும், பால் பாக்கெட் போடும் ஷமீமும், இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு நீளமான நோட்டை வாங்கி இஸ்திரி வண்டியில் வைத்தார்கள். நடப்பதை எல்லாம் எழுதிவைப்பது என்று முடிவு. ஆனால் அந்த நோட்டு சாமானியமானதல்ல. எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்கும்.

"எத்தனை மணிக்கு? எந்த இடம்? யார் பார்த்தது?"

"எல்லாருக்கும் தெரியும்," என்பார்கள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எழுத மாட்டேன். ஒருத்தர் பார்த்ததை எழுதிக்கிறேன்."

ஒருநாள் பட்டாக்கத்தி ஒன்று செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்தது. "போலீஸ் பண்றதை எழுது, வேணான்னு சொல்லல. என்னை ஏன் எழுதுற? நான் நம்ம ஏரியாவுல வளர்ந்தவன்," என்றது.

"தனபாலன் தோளில் ஏழு தையல். போட வெச்சது நீதானே?" என்றது நோட்டு.

"அது கை தவறி நடந்துச்சு."

"கை தவறின்னும் எழுதிக்கிறேன். யார் பார்த்தது?"

பட்டாக்கத்தி செய்தித்தாளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு வருஷத்தில் நோட்டில் கத்திக்குத்து பதினான்கு ஏறியது. பாத்ரூமில் வழுக்கியவர்கள் இருபத்து மூன்று பேர். இருபத்து இரண்டு பேருக்கு வலது கை உடைந்திருந்தது. டெய்லர் ஜெயசீலனுக்கு மட்டும் இடது கை. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர்.

இந்த நிலைமையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஃபிலோமினாவின் தம்பி சவரிமுத்துவை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அவன் மீன் வண்டி ஓட்டுபவன். முந்தின நாள் மோதல் நடந்தபோது ஐஸ் ஏற்றப் போயிருந்தான். அதை அவன் சொன்னான். ஐஸ் உருகிவிட்டதால் சாட்சி இல்லை என்றார்கள்.

ஃபிலோமினா ரோட்டைத் தாண்டிப் போய் இன்ஸ்பெக்டர் புவனேந்திரன் முன்னால் நின்றாள்.

"விசாரிச்சிட்டு நாளைக்குக் கோர்ட்டுக்கு அனுப்பறோம்," என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தம்பி கை நல்லா கீதா சார்?"

"இப்ப வரைக்கும் நல்லாதாம்மா இருக்கு. ஆனா பாரு, உள்ளே தரை கொஞ்சம் ஈரம்."

அவள் வண்டிக்குத் திரும்பினாள். ஒரு வேட்டியை விரித்தாள். பெட்டியை அதன் மேல் வைத்தவள் எடுக்க மறந்து நின்றாள். கருகல் வாசனை வந்த பிறகுதான் ஷமீம் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினாள்.

பதினொரு மணி இருக்கும். காவல் நிலையத்தின் பின்பக்கமிருந்து பாத்ரூம் வெளியே வந்தது. ஒரு கையில் வாளி, மறு கையில் பிளாஸ்டிக் மக். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு மாநகரப் பேருந்துக்கு வழிவிட்டு, ரோட்டைக் கடந்து இஸ்திரி வண்டிக்கு முன்னால் வந்து நின்றது.

பல வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்ததால் அதற்குப் புகார் மனுப் பாஷைதான் வாயில் வந்தது.

"வணக்கம். மேற்படி காவல் நிலையத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கழிவறையாகப் பணிபுரிந்து வருகிறேன். என்மீது இருபத்து மூன்று பேரைத் தள்ளிவிட்டதாகப் பதிவாகியுள்ளது. அதில் எனக்கு யாதொரு தொடர்பும் இல்லை. என் பெயரை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நோட்டு பக்கத்தைத் திருப்பியது. "நீ என்ன பார்த்தே?"

"ஒன்றும் பார்க்கவில்லை. என்னிடம் யாரும் விழவில்லை. அவர்கள் வரும்போதே கை உடைந்துதான் வந்தார்கள்." பாத்ரூம் வாளியைக் கீழே வைத்தது. "ஒற்றைக் கையால் குழாயைத் திருக முடியாமல் நிற்பார்கள். நானே திறந்துவிடுவேன். முகம் கழுவிக்கொண்டு அழுவார்கள். சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீரை வேகமாக விடுவேன். அவ்வளவுதான் நான் செய்தது."

பெண்கள் வண்டியைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். நோட்டு எழுதிக்கொண்டது: 'பார்த்தவர், பாத்ரூம். பார்த்தது, யாரும் விழாதது.'

ஷமீம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எக்கா, பாத்ரூம் இங்க கீது. அப்ப ஸ்டேஷன்ல எதுல வழுக்கி விழுவாங்க?"

ஃபிலோமினா அவளைப் பார்த்தாள். பிறகு பாத்ரூமைப் பார்த்தாள். வண்டிக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டாள்.

"குந்து," என்றாள். "நாளைக்கு எந்தம்பி கோர்ட்டுக்குப் போற வரைக்கும் நீ எங்கயும் போவக் கூடாது. டீ குடிக்கிறியா?"

"சர்க்கரை குறைவாக," என்றது பாத்ரூம்.

ஒரு மணி நேரத்தில் காவல் நிலையம் தத்தளித்தது. ஏட்டுகள் பெட்ரோல் பங்க்கை நோக்கி வேகமாக நடந்தார்கள். ஒரு எஸ்.ஐ. ஓடினார். கடைசியில் புவனேந்திரனே ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அரசாங்கச் சொத்தைப் பிடிச்சு வெச்சிருக்க. என்ன கேஸ் வரும் தெரியுமா?"

"அதுவாதான் சார் வந்துச்சு."

"விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்," என்றது பாத்ரூம். "மேஜையில் இருக்கிறது. ஒரு நாள் தற்செயல் விடுப்பு."

இரண்டு போலீஸ்காரர்கள் அதைத் தூக்கப் பார்த்தார்கள். ஓரம் பிடித்தால் சோப்பு, நடுவில் பிடித்தால் பாசி. பிடி கிடைக்கவில்லை. பாத்ரூம் அவர்களை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு டீயை ஊதிக் குடித்தது.

புவனேந்திரன் திரும்பிப் போய் யோசித்தார். மாடிப்படியிலிருந்து உருண்டான் என்று எழுதலாம். ஸ்டேஷனுக்கு மாடி கிடையாது. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தான் என்று எழுதலாம். சரி, பாலம் சம்மதிக்கிறதா என்று கேட்டு வர ஒரு ஏட்டை அனுப்பினார்.

ஏட்டு போனபோது பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பாத்ரூம் இல்லையென்றால் அடுத்து பாலத்தைத்தான் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டு, ஷமீம் அவர்களை அரைமணி முன்பே அங்கே கொண்டுபோய் உட்காரவைத்திருந்தாள். நோட்டு அவள் மடியில் இருந்தது.

"ஒரு சின்ன உதவி," என்று பாலத்தின் காதில் ரகசியமாகச் சொன்னார் ஏட்டு.

"என் உயரம் பத்தடி," என்றது பாலம், எல்லாருக்கும் கேட்கும்படி. "போன மாசம் ஒரு ஆடு விழுந்துச்சு. எழுந்து போய்ப் புல்லு மேஞ்சுது. நீங்க சொன்னா நான் எழுதித் தரேன். ஆனா இந்த எட்டுப் பேரும் பார்த்ததாக் கையெழுத்துப் போடணுமே, போடுவாங்களா?"

எட்டுப் பெண்களும் கீரையை விட்டுத் தலையைத் தூக்கி ஏட்டைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் மதியம் சவரிமுத்து கோர்ட்டில் இரண்டு கையோடும் நின்றான். நீதிபதி பழக்கத்தில், "கை எப்படி உடைந்தது?" என்று கேட்டார். "உடையலைங்க ஐயா," என்றான். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னார். ஐஸ் கம்பெனி ரசீதையும் வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவன் வண்டிக்கு வந்ததும் ஃபிலோமினா அவனைப் பிடித்து நிறுத்தினாள். தோளிலிருந்து விரல் நுனி வரை இரண்டு கையையும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் அங்கே போகவில்லை.

சாயங்காலம் புவனேந்திரன் வந்தார். பெட்ரோல் பங்க்காரன் தன் கழிவறைக் கதவைப் பூட்டத் தொடங்கியிருந்தான்.

"அதான் தம்பி வந்துட்டானே. பாத்ரூமை அனுப்பு."

"அனுப்பறேன் சார். ஆனா தரை ஈரமா கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இருபத்து மூணு பேரு விழுந்துகீறாங்க. பாவம், போலீஸ்காரங்களும் அங்கதானே போவணும். இனிமே நாங்க வந்து துடைச்சுத் தரோம். காலைல ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி."

"அதெல்லாம் தேவையில்லை."

"அப்ப தரை காரணம் இல்லியா சார்?"

இருபத்து மூன்று காகிதங்களிலும் புவனேந்திரனுடைய கையெழுத்து இருந்தது. "சரி, வந்து துடைங்க," என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமை அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து ஒரு துணி, ஒரு வாளி, நோட்டு சகிதம் இரண்டிரண்டு பெண்களாக ஸ்டேஷனுக்குள் போனார்கள். பாத்ரூமுக்குப் போகிற வழியில்தான் லாக்கப் இருந்தது. போகும்போது உள்ளே இருப்பவர்களின் கைகளை எண்ணுவார்கள். வரும்போதும் எண்ணுவார்கள். நோட்டு குறித்துக்கொள்ளும். ஏழு மாசம் ஒருவரும் வழுக்கவில்லை. ஈரமில்லாத தரைக்காகப் புவனேந்திரனுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, "இன்னையோட துடைக்கிறது நிறுத்தம்," என்று பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அன்று மத்தியானம் பாத்ரூமுக்குப் போனார். கால் வழுக்கியது. வலது கை உடைந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்படி ஆச்சு சார்?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க வேற யாரும் இல்லை. தைரியமாச் சொல்லுங்க. யார் அடிச்சாங்க?"

"அய்யோ, நிஜமாவே விழுந்தேன் மேடம்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சார் சொல்வாங்க," என்றார் கட்டுப் போடுகிறவர், அன்பாக.

மேலதிகாரியும் நம்பவில்லை. இன்ஸ்பெக்டரையே அடித்தது எந்தக் கும்பல், அதை ஏன் மறைக்கிறார் என்று விசாரணை வைத்தார். வீட்டில் மனைவியும் மூன்று நாளாக நம்பவில்லை. நாலாம் நாள் புவனேந்திரன் கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு இஸ்திரி வண்டிக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, உன் நோட்டுல இருக்கறதைத்தான் எல்லாரும் நம்பறாங்க. நான் வழுக்கித்தான் விழுந்தேன்னு ஒரு வரி எழுதிக் கொடு."

"யார் பார்த்தது?" என்றது நோட்டு.

எதிர்ப்பக்கத்து ஜன்னலிலிருந்து பாத்ரூம் எட்டிப் பார்த்தது. "நான் பார்த்தேன். மேற்படி நபர் உண்மையாகவே விழுந்தார். குழாயையும் நான்தான் திறந்துவிட்டேன்."

ஃபிலோமினா பேனாவை எடுத்தாள். நாள், நேரம், வலது கை, எல்லாம் எழுதினாள். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

"யாரும் மிரட்டி உங்கள இப்படிச் சொல்ல வெக்கலியே சார்?" என்று கேட்டாள். "அவசரமில்ல. பயப்படாம யோசிச்சுச் சொல்லுங்க."