ஓடைக்கு முன்னால் நடப்பவர்

இமயமலையின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் வைகுண்டநாதன் குளித்து, ஜபித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு (யார் பார்க்கப் போகிறார்களோ!) கிளம்புவதற்குள் மணி இரண்டு.

ஓடை கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. அக்கரையில் மடாலயம். வண்டிக்குள் நாங்கள் ஏழு பேர்.

"ஓட்டுப்பா, முழங்கால் தண்ணிதான். நான் அணை கட்டினவன். இன்னிக்கு மடத்தைக் காட்டலேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லி வேலையைக் காலி பண்ணிடுவேன்."

தமிழ்ச் சுற்றுலாக்காரர்களை ஏற்றியே தமிழ் கற்ற டிரைவர் நோர்பு, இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"சரி சார். எங்க ஊர்ல ஆழம் தெரிஞ்ச ஒருத்தர் முன்னால நடப்பார். அவர் கால் வெச்ச இடத்துல சக்கரம் வைப்போம். எனக்கு ஆழம் தெரியலை, உங்களுக்குத் தெரியுது. நடங்க, பின்னாலயே வர்றேன்."

அவர் மனைவி, "பேன்ட்டை மடிச்சுக்குங்க" என்றாள்.

இறங்கினார். ஒரு கால் வைத்தார். ஷூவைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

ஒற்றைக் காலில் நொண்டி வந்து தொண்டையைக் கனைத்தார். "எத்தனையோ காலமா நிக்கிற மடம். நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

"நீங்க சொன்னா சரி சார்" என்று நோர்பு வண்டியைத் திருப்பினான்.