முதலில் உடைந்தது எது

"பூமிநாதன்தான் தாயே முதல்ல சொன்னான்" என்றார் மாசிலாமணி.

"என்னன்னு?"

"வெல்டு விட்டுருச்சுன்னு. அவன் கடையில டீயை ஆத்திக்கிட்டே சொன்னான். அவன் சொன்னதை என் மச்சான் சொன்னான். மச்சான் சொன்னதை ஊரே சொல்லுது."

பாறை மேல் துறவியாக வாழ்ந்த பாறைமடத்து அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். வயதில் மாசிலாமணிக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவருக்குத் தாய்தான். ஊரில் யாரோடு சண்டை வந்தாலும் மாசிலாமணி நேரே பாறை ஏறி இங்கேதான் வருவார். அதனால் அடிக்கடி வருவார்.

இந்த முறை வந்தது சண்டைக்காக மட்டும் இல்லை. ஓர் உயிர் போயிருந்தது.

பஸ் டெப்போ மெக்கானிக் வீரபாகு, ஒரே ஆள் உட்காருகிற மாதிரி ஒரு விமானம் செய்தார். பழைய வேன் எஞ்சின், இரும்புக் குழாய், மேலே துணி. குழாய்களை வெல்டு வைத்தது மாசிலாமணி. கண்மாய் வற்றிய வைகாசியில், காய்ந்த தரையில் வீரபாகு அதை ஓட்டிக் கிளப்பினார். விமானம் எழும்பியது. ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. திரும்பி வரும்போது எஞ்சின் இருமி இருமி நின்றது. விமானம் கண்மாயில் விழுந்தது. வீரபாகு பிழைக்கவில்லை.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். முடிவு பிறகு வரும் என்று சொல்லிப் போனார்கள். ஊர் அதுவரை பொறுக்கவில்லை.

"என் பட்டறையில ஒரு ஜன்னல் கம்பி செய்யக்கூட யாரும் வர்றதில்லை தாயே. என்னைப் பாத்தா பிள்ளைகளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிறாங்க."

"அந்த விமானம் இப்ப எங்க?"

"என் பட்டறைக்குப் பின்னாலதான். அன்னக்கிளி கண்ணுல பட வேணாம்னு அள்ளிட்டு வந்துட்டேன்." அன்னக்கிளி வீரபாகுவின் மனைவி.

"இங்க கொண்டு வாங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

"பாறை மேலயா?"

அம்மா அடுத்த கொத்தை உருவத் தொடங்கினார்.

மாசிலாமணி மாட்டுவண்டியில் அடிவாரம் வரை கொண்டுவந்தார். அங்கிருந்து தலையில் சுமந்தார். ஒவ்வொரு நடைக்கும் பூமிநாதனைத் திட்டினார். மூச்சு வாங்கியதால் திட்டுச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி நடையில் வெறும் "பூமி" என்பதோடு நின்றது.

"இப்ப இதை விமானம் மாதிரி அடுக்குங்க" என்றார் அம்மா.

மூக்கு இருந்த இடத்தில் மூக்கு. வால் இருந்த இடத்தில் வால். இறக்கைத் துண்டுகள் இரண்டு பக்கமும். உடைந்தது உடைந்ததோடு சேர்ந்து, பாறை மேல் ஒரு விமானம் படுத்துக் கிடந்தது. அம்மா அதைச் சுற்றி வந்தார். சின்னப் பெண் மாதிரி நடுவில் போய் உட்கார்ந்தார்.

"வீரபாகு இங்கதான உக்காந்திருப்பாரு?"

"ஆமா தாயே."

"நல்ல இடம்" என்றார். பிறகு கேட்டார்: "முதல்ல உடைஞ்சது எது?"

"எப்படிச் சொல்றது? எல்லாமே உடைஞ்சிருக்கு."

"விழுந்ததால உடைஞ்சதை எல்லாம் ஒதுக்குங்க. மிச்சம் எதுன்னு பாருங்க."

மாசிலாமணி மண்டியிட்டார். ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். குழாய்கள் வளைந்திருந்தன. மடங்கியிருந்தன. சில இடத்தில் கிழிந்தே போயிருந்தன. எல்லாம் வெல்டுக்குப் பக்கத்தில். வெல்டு வைத்த இடம் வைத்தபடி இருந்தது. மூக்கில் பார்த்தார். வாலில் பார்த்தார். மறுபடி மூக்கிலிருந்து பார்த்தார்.

"தாயே, ஒண்ணுகூட விடல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இரும்பே கிழிஞ்சிருக்கு, என் வெல்டு விடல." எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் இரண்டு குதி குதித்தார். முழங்கால் வலியை அப்புறம்தான் நினைத்தார்.

"அப்ப வந்த வேலை முடிஞ்சுது. போயிட்டு வாங்க மேஸ்திரி."

ஒரு குழாய்த் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாசிலாமணி கிளம்பினார். அதைப் பூமிநாதனின் பால் சட்டிக்குப் பக்கத்தில் டமார் என்று வைக்க வேண்டும். வைத்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்தார். பாதிப் பாறையில் கால் நின்றது. கொஞ்ச நேரம் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி ஏறினார்.

"என்ன மறந்துட்டீங்க?" என்றார் அம்மா.

"அப்ப ஏன் தாயே விழுந்துச்சு?"

அம்மா சிரித்தார். பாறை அதிரச் சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"இத்தனை நாளா அதை நீங்க கேக்கவே இல்லையே மேஸ்திரி."

மாசிலாமணி குழாயைக் கீழே வைத்தார்.

எஞ்சின் இருமியது எல்லோருக்கும் கேட்டது. பெட்ரோல் போகாமல் இருமியிருக்கும். டாங்க் உருண்டுபோய், கண்மாய் நடுவில் மிச்சமிருந்த சேற்றில் விழுந்ததால் நசுங்காமல் கிடந்தது. அதில் பெட்ரோல் நிறைய மிச்சம் இருந்ததை, அன்றே அதைக் கொட்டும்போது அவரே பார்த்திருந்தார். டாங்கைத் தூக்கினார். அம்மா சுனையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். மூடியை இறுக்கி, கீழ்க் குழாயைத் திறந்துவிட்டார்கள்.

தண்ணீர் கொட்டியது. மெலிந்தது. சொட்டியது. நின்றது.

"தீந்துருச்சா?" என்றார் அம்மா.

மாசிலாமணி ஆட்டிப் பார்த்தார். உள்ளே நிறைய அலம்பியது. மூடியைத் தளர்த்தினார். டாங்க் ஒரு மிடறு காற்றை விழுங்கியது. தண்ணீர் மறுபடி கொட்டியது.

"மூச்சு விடுது" என்றார் அம்மா.

"மூடியில ஊசி ஓட்டை ஒண்ணு இருக்கும் தாயே. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். கண்மாய்க்குள்ள நிறுத்தி வெச்சு நாள் பூரா ஓட்டிப் பாத்தோம். அப்பல்லாம் நிக்கவே இல்ல. பூசை போட்ட அன்னிக்குத்தான்..."

மூடியின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"என்ன அது?"

"சேறு."

"மஞ்சளாவா?"

மாசிலாமணி விரலை இன்னும் அழுத்தினார்.

"விரலை எடுங்க."

"வேணாம் தாயே."

அம்மாவே அவர் விரலை விலக்கினார். காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். நடுவில் குங்குமம். தன் மோதிர விரலை அதன் மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

பூசை அன்றைக்கு விமானத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர் அம்மாதான். மூக்கில், இறக்கையில், சக்கரத்தில், வீரபாகு காட்டிய இடத்தில் எல்லாம்.

கீழே வயலில் யாரோ மாட்டை அதட்டும் குரல் பாறை வரை வந்தது.

"யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் மாசிலாமணி. "என் வெல்டு நிக்குது. எனக்குத் தெரியும். அது போதும்."

"போதும்னா பாதியில ஏன் திரும்பி வந்தீங்க?"

அம்மா மூடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார். வாழ்நாளில் முதல்முறையாக, தன் பெயர் காப்பாற்றப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடினார்.

அன்னக்கிளியின் வீட்டுக்கு எதிரேதான் பூமிநாதனின் கடை. அம்மா பாறையை விட்டு இறங்குவதே அபூர்வம் என்பதால் டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வந்து சேர்ந்தார்கள். பூமிநாதனும் வந்தான்.

அம்மா மூடியை அன்னக்கிளியின் கையில் வைத்தார்.

"மேஸ்திரி வெல்டு விடல அன்னக்கிளி. இந்த ஓட்டையை என் பொட்டு அடைச்சிருச்சு. என் விரல்தான்."

அன்னக்கிளி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு செஞ்சதுல குத்தமில்லையா?"

"இல்லம்மா" என்றார் மாசிலாமணி.

"இது அடைக்காம இருந்தா பறந்துக்கிட்டேதான இருந்திருக்கும்?"

"பெட்ரோல் இருக்கிற வரைக்கும்."

அன்னக்கிளி அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கத் தொடங்கினாள். "என்னென்னமோ சொன்னாங்க தாயே. ஓட்டை ஒடசலைக் கட்டி வானத்துக்குப் போனாருன்னு சொன்னாங்க." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூடியைக் காட்டி, 'இதுக்கும் ஒண்ணு வைங்க, இதுதான் இதோட வயிறு'ன்னு சொன்னது அவரு. சந்தனத்தைக் கெட்டியா அரைச்சது நான். வெச்சது நீங்க. அந்த விரல் மேல மட்டும் எதுக்குத் தனியா வழக்கு?"

அம்மா அவள் கையை இறுக்கிக்கொண்டார்.

"நான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றாள் அன்னக்கிளி. "மேல போனதை நான் பாக்கவே இல்ல. எப்படிப் போனாரு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புளியமரத்துக்கு மேலே போனார் என்றான் ஒருவன். கோவில் மணிக்கூண்டுக்கே மேலே என்றான் இன்னொருவன். ஆடு எல்லாம் படுத்துக்கொண்டது. அஞ்சல்காரர் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். வீரபாகு ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினார். யாருக்கு ஆட்டினார் என்பதில் சண்டை வந்தது. ஆளாளுக்குத் தனக்குத்தான் என்றார்கள்.

"எனக்குத்தான்" என்றாள் அன்னக்கிளி. சண்டை தீர்ந்தது.

சத்தம் அடங்கியபோது மாசிலாமணி பூமிநாதனைப் பார்த்தார். பூமிநாதன் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா" என்றார் மாசிலாமணி. "ஏதாச்சும் சொல்லணுமா?"

பூமிநாதன் தொண்டையைக் கனைத்தான். ஊர் காத்திருந்தது.

"கடையில இரும்பு பெஞ்சு கால் ஆடுது மேஸ்திரி" என்றான். "உங்க கையால ஒரு வெல்டு வெச்சாத் தேவல."

"அவ்வளவுதானா?"

"நாளைக்கே வேணும்னு இல்ல."

மாசிலாமணி அம்மாவிடம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"கேட்டீங்களா தாயே? வாயைத் திறந்து ஒரு மன்னிப்பு வரல. பெஞ்சுங்கிறான்."

அம்மா கடைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தார்.

"நெசமாவே ஆடுது மேஸ்திரி" என்றார்.