கருவாயன் கோழி பிடித்த கதை

தொப்.

இருட்டின பிறகு வேலியோரத்தில் ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு முன்னால், யாரோ நாக்கைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி, ‘ச்சு, ச்சு’ என்று இன்னொரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. பயப்படாதே, நம் வீட்டில் இல்லை, கதையில்தான். கண்ணை மூடிக்கொண்டு கேள்.

ஊரை விட்டுத் தள்ளி, சுற்றிலும் சோளக்காடு இருக்கிற ஒரு தோட்டத்தில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு இடுப்பில் ஒரு கைக்குழந்தை, வாசலுக்கு எதிரே வற்றாத ஒரு கிணறு, கூடை கூடையாய்க் கவிழ்த்து மூடுகிற அளவுக்குக் கோழிகள், காவலுக்குக் கருவாயன் என்று ஒரு நாய். புருஷன் உப்பு ஏற்றிவர வண்டி கட்டிக்கொண்டு போனவன், மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனான். மழையும் வந்து போயிற்று, அவன் வரவில்லையாம்.

அவன் போன பிறகுதான் இந்தச் சத்தம் ஆரம்பித்ததாம். முதலில் ச்சு, ச்சு. அப்புறம் தொப். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துக் கோழிகள் கொல்லென்று கத்தும். பாவாயி பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடுவாள். போய்ப் பார்த்தால் கூடை புரண்டு கிடக்கும், இறகு பறக்கும், கருவாயன் வாயெல்லாம் ரத்தத்தோடு வாலை ஆட்டும்.

கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனை ஆசை தெரியுமா? தாழ் போட்டால் கோழி கத்தும்போது உடனே ஓட முடியாது. போடாவிட்டால் பயத்தில் தூக்கம் வராது. அதனால் கதவைச் சும்மா சாத்தி, அம்மிக்குழவியை அண்டக் கொடுத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே விடிய விடியக் கிடப்பாளாம். அவள் கண் இரண்டும் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டதாம்.

பக்கத்துத் தோட்டம் செங்கோடனுடையது. புருஷனுக்குப் பங்காளி, மூத்தவர், அதனால் பாவாயிக்கு மாமா முறை. சண்டைச்சேவல் வளர்க்கிறவர். சண்டையில் தோற்ற சேவல் ஜெயித்தவருக்கு, அதற்குக் கோச்சை என்று பேர், அது செங்கோடன் வீட்டுக் குழம்புச்சட்டிக்கு வராத நாளே இல்லை.

காலையில் வேலிமேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாராம். “என்ன அம்மிணி, ராத்திரி உங்க வீட்ல ஒரே கூப்பாடு?”

“கருவாயன் கோழி புடிச்சிட்டானுங்க மாமா.”

“அட, அதுக்கா மொகம் இப்படிக் கெடக்குது? செத்த கோழிய நாய் கழுத்துலயே கட்டி வுடு. நாறி அழுகிக் கீழ வுழுகட்டும். ஜென்மத்துக்கும் கோழிப் பக்கம் திரும்பாது.”

கட்டினாள். கருவாயன் அந்தக் கோழியைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினானாம். நாற்றம் தாங்காமல் பிள்ளைதான் அழுதது. அடுத்து ஒருநாள், ச்சு, ச்சு, தொப். இன்னொரு கோழி போயிற்று.

“கழுத்துல ஒரு கட்டையத் தொங்க வுடு அம்மிணி. ஓடுனா முட்டியில அடிக்கும், எப்படி ஓடுது பாக்கலாம்.”

தொங்க விட்டாள். கருவாயன் ஓடவில்லை, நடந்தே போய்ப் பிடித்தான். கட்டை டொக் டொக்கென்று இடிக்கிற சத்தத்தில் மறுபடி பிள்ளைதான் எழுந்தது.

“முட்டைய வேகவெச்சு, கொதிக்கக் கொதிக்க வாயில திணி. பல்லு வெந்துபோனா தெரியும்.”

திணித்தாள். கருவாயன் அதைத் துப்பிவிட்டு, ஆறும் வரைக்கும் பக்கத்திலேயே காத்திருந்து, அப்புறம் தின்றானாம். முட்டை இவ்வளவு ருசியா என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்ததாம். சிரிக்காதே. அவளுக்கு அழுகை வந்தது.

அப்போது செங்கோடன் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம். “இத பாரு அம்மிணி. நானும் பொறுத்துப் பாத்துட்டேன். கோழி ருசி கண்ட நாய், நாளைக்குத் தொட்டில்ல கெடக்கறதக் கோழின்னு நெனச்சா என்ன பண்ணுவே? காலையில நானே கயிறு கொண்டாறேன், கதைய முடிச்சுடலாம். நாயில்லாம இந்தக் காட்டுல ஒண்டியா உன்னால இருக்க முடியாது. உங்கம்மா வூட்டுக்குப் போயிரு. தோட்டத்த நான் பாத்துக்கறேன். கிணத்தையுந்தான்.”

தொட்டில் என்று அவர் சொன்னதும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்ட பாவாயி, பொழுது சாயும் வரைக்கும் இறக்கவில்லை. கடைசிச் சோறு என்று ஒரு சட்டி களி கிண்டி, மோர் ஊற்றி, கருவாயன் முன்னால் வைத்தாள். அவன் மூக்கைக்கூட எடுக்காமல் தின்றான். பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏண்டா கருவாயா, உனக்கு நான் என்ன குத்தம் பண்ணேன்?”

அந்தக் காலத்தில் நாய்க்கெல்லாம் பேச்சு உண்டு, கேட்கத்தான் ஆள் இல்லை. கருவாயன் சட்டியை நக்கிக்கொண்டே சொன்னானாம். “குத்தம் என்ன ஆத்தா. பிள்ளை பொறந்தப்புறம் எனக்குச் சட்டி வெக்கறதே உனக்கு மறந்துபோச்சு. நான் கோவிச்சுக்கல, நீயே தின்னியோ இல்லியோ. மாமாதான் பாவம், ச்சு ச்சுன்னு கூப்புட்டு வேலிக்கு மேல ஒரு கோழித்தலை போடுவாரு. சுடச்சுட ரத்தத்தோட.”

“தலை அவரு போட்டா, நம்ம கோழிய ஏண்டா புடிச்சே?”

“தலை வந்தா உடம்பு எங்கியாவது இருக்கணுமில்ல? அதத் தேடிக்கிட்டு வருவேன்.”

பாவாயிக்குக் கோபம் வரவில்லையாம். கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. கழுத்துக் கட்டையை அவிழ்த்துப் போட்டாள். குஞ்சு பொரித்த தாய்க்கோழியின் கூடைக்குப் பக்கத்திலேயே அவனைக் குட்டைக் கயிற்றில் கட்டி, கூடையைத் தூக்கிவிட்டாள். கருவாயன் ஒரு குஞ்சை முகர்ந்தான். தாய்க்கோழி இறகை விரித்துக்கொண்டு வந்து மூக்கிலேயே நறுக்கென்று ஒரு கொத்து.

“ஐயோ! தலைதானே மோந்து பாத்தேன்!”

“இது தலையோட ஒட்டின உடம்புடா,” என்றது கோழி. “இன்னொரு தரம் மோந்து பாரு, கண்ணு இருக்காது.”

முகர்ந்தான், கொத்தியது. முகர்ந்தான், கொத்தியது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். குஞ்சுகள் அவன் வயிற்றுச் சூட்டுக்கு வந்து ஒண்டிக்கொண்டன.

ச்சு, ச்சு. தொப்.

பாவாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிவரைக்கும் போனாள். அங்கே கொண்டையோடு ஒரு கோச்சைத்தலை. இரண்டு விரலால் எடுத்து, அந்தப் பக்கமே வீசிவிட்டு வந்தாளாம்.

காலையில் மாமா கயிற்றோடு வந்தார். “இன்னிக்கு ஒன்னும் போகலீங்களே மாமா,” என்றாள். அவர் கோழிகளை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். ராத்திரி மறுபடி ஒரு தலை வந்தது, திரும்பிப் போனது. அதற்கடுத்தும் வந்தது, போனது. இவள் கருவாயன் கயிற்றை அவிழ்த்துவிட்டாள், தினம் பொழுது சாயும்போது களிச்சட்டி வைக்கவும் தவறவில்லை.

திரும்பிப் போன தலையெல்லாம் எங்கே போயிற்று? சொல்லு பார்ப்போம். செங்கோடன் தோட்டத்திலும் நாய்கள் இருக்கின்றன, அவைகளுக்கும் மூக்கு இருக்கிறதே. தலையைத் தின்றன. உடம்பு எங்கே என்று தேடின. சேவல் கூண்டு பக்கத்திலேயே இருந்தது.

விடியக் காலம் ஒரு ஓலம் கேட்டதாம். செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டு வேலிக்கு வந்தார். “போச்சு அம்மிணி! பாதாம்பருப்புப் போட்டு வளத்த சேவலுங்க, ஒன்னுகூட மிச்சமில்ல! என் நாயே கடிச்சுப் போட்டுதே!”

பாவாயி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, கண்ணைக்கூட முழுசாகத் திறக்காமல் சொன்னாளாம். “கழுத்துல செத்த சேவலக் கட்டி வுடுங்க மாமா. கேக்கலீனா கட்டையத் தொங்க வுடுங்க. அதுக்கும் கேக்கலீனா முட்டை வேகவெச்சுத் திணிங்க. நீங்க சொன்னதுதானுங்களே.”

வேலிக்கு இந்தப் பக்கம் கருவாயன் எழுந்து, முதுகில் ஏறியிருந்த குஞ்சு கீழே விழாதபடிக்கு மெதுவாக எழுந்து, ஒரு தரம் உறுமினான். அவர் வந்த வழியே போய்விட்டார். அப்புறம் அந்தக் கிணற்றைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பசித்த நாய்க்கு வேளைக்குச் சோறு வை, அடுத்த வீட்டு நாய்க்குக் கெட்ட பழக்கம் காட்டாதே. அவ்வளவுதான் கதை. தூங்கிவிட்டாயா?

அன்றைக்கு ராத்திரி வேலியோரம் சத்தமே இல்லை. பாவாயி கருவாயன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள், பிள்ளையைப் பாயில் கிடத்தினாள், அண்டக் கொடுத்திருந்த குழவியை உருட்டித் தள்ளினாள். வெளியே கருவாயன் நிலைப்படிக்குக் குறுக்கே படுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் உள்ளேயிருந்து கதவைத் தாழ் போட்டாள்.