பாஞ்ச் மரத்தின் உயரம்

மளுக்.

இருட்டியபின் கேட்ட சத்தம். கூரைக்கு மேலே ஏதோ முறிந்தது. தகரத்தில் பொலபொலவென்று எதுவோ உதிர்ந்தது.

தமயந்தி தூங்கிய குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். குடிசைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. திறந்து வைத்தவளே அவள்தான்.

குழந்தை பிறந்ததிலிருந்து இலை அசைந்தாலும் பயம். கணவன் பட்டாளத்தில். அந்தப் பயத்தைத் தொலைக்கத்தான் திண்டுக்கல்லிலிருந்து இமயத்தின் இந்தக் குமாவுன் மலை ஆசிரமத்துக்கு வந்திருந்தாள்.

விளக்கோடு குரு நித்யா வந்தாள். தமயந்தியைவிட வயதில் சின்னவள். அதனால் சிஷ்யையை அக்கா என்றே கூப்பிடுவாள்.

"கரடிதான்க்கா. இந்த பாஞ்ச் ஓக் மரத்துல காய் பழுத்திருக்குல்ல, கிளையை முறிச்சுப் போட்டுத் தின்னுது. கதவு ஏன் திறந்திருக்கு?"

"ஆன்மாவுக்கு எல்லை இல்லைன்னு காலையில சொன்னீங்களேம்மா. பூட்டிக்கிட்டு உக்காந்தா பயம் எப்படிப் போகும்?"

குரு கூரைமேல் கவிந்திருந்த மரத்தை நோக்கி விளக்கை உயர்த்தினாள்.

காற்றில் இலைகள் புரண்டு வெள்ளை அடிப்பக்கம் காட்டின. மரம் முழுக்க வெளிச்சம் ஓடி மறைந்தது.

"எப்படி இருக்கு இந்த மரம்?"

"இப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததே இல்லம்மா. இதன் வேரடி ஊற்றுலதான் ஆசிரமமே தண்ணி குடிக்குது."

"மலையில கீழே இறங்கினா இது இருக்குமா?"

"இல்ல, பைன் மரம்தான்."

"மேலே ஏறினா?"

"வேற ஓக். இலையில முள் இருக்கும்."

"திண்டுக்கல்ல?"

தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர் வெயிலுக்கா? ஒரு சித்திரை தாங்காது."

"மேற்கே பாகிஸ்தான் மலை, கிழக்கே நேபாளத்துக்கும் அப்பால. அவ்வளவு தூரம் இந்த மரம் பரவியிருக்கு. ஆனா மலையில தனக்குன்னு ஒரு உயரம், அதை விட்டு நகராது." குரு அண்ணாந்து பார்த்தாள். "அதனால இது சின்ன மரமாக்கா?"

மளுக். இம்முறை மிக அருகில். கனமான எதுவோ அடிமரத்தைப் பிறாண்டிக்கொண்டு இறங்கியது.

குரு சட்டென்று உள்ளே வந்துவிட்டாள்.

"கொஞ்சம் நகருங்க. இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன். என் குடிசை வரைக்கும் நடக்கப் பயமா இருக்கு."

"உங்களுக்கா?"

"பின்னே, அது கரடியாச்சே."

தமயந்தி குழந்தையைக் குருவின் மடியில் கிடத்தினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிவரை தள்ளினாள்.