எல்லா போர்ட்டுக்கும் ஒரே வேகம்

“எந்த ரூமுக்கு எவ்வளவு நெட் விடணும் மேடம்?” என்று கேட்டார் பூதலிங்கம்.

ஐம்பது வயதுக்கு மேல் நெட்வொர்க் வேலை பழக வந்தவர். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குக் குரு ஜெசிந்தா. மகள் வயதுதான் இருக்கும்.

“அந்தந்த ரூம்ல போய்க் கேட்டீங்களா அண்ணாச்சி?”

“கேட்டா எல்லாரும் கூடத்தான் கேப்பாங்க.”

“பரவால்ல, கேட்டுட்டு வாங்க.”

பக்கத்துக் கட்டடத்தில் வேலை இருந்தது. அவள் போய்விட்டாள்.

பூதலிங்கம் கேட்கப் போகவில்லை. காலையிலிருந்து புகார் கேட்டே காது புளித்துப் போயிருந்தது. கேன்டீனில் கிரிக்கெட் ஓடுகிறது, மருந்துக்கடையில் பில் நகரவில்லை.

நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியில் ஒரு அறைக்கு ஒரு போர்ட், ஒயர் செருகும் துளை. எல்லா போர்ட்டுக்கும் ஒரே வேக வரம்பைப் போட்டார். பந்தி வஞ்சனை கிடையாது. மனிதருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது ஸ்கேன் அறை வாசலில் ஒரே கூச்சல்.

பைக்கிலிருந்து விழுந்த ஒருவனின் தலைப் படங்கள் மதுரை டாக்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான படங்கள். அவர் பார்த்துச் சொன்னால்தான் இங்கே கத்தி வைப்பார்கள். படங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அவள் ஓடிப்போய் வரம்பை எடுத்தாள். மிச்சப் படங்கள் மளமளவென்று போயின.

மதுரையிலிருந்து பதில் வந்தது. உடனே ஆபரேஷன் செய்யுங்கள் என்றார் டாக்டர்.

அதற்குள் அடிபட்டவனுக்கு மூச்சு நின்றிருந்தது.

பூதலிங்கம் ஜெசிந்தாவிடம் வந்தார். “எல்லாருக்கும் சமமாத்தானே வச்சேன் மேடம்? யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலையே.”

ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

பெஞ்சில் இறந்தவனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். இருவர் கழுத்திலும் தொங்கும் அட்டையைப் பார்த்து, இவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று தெரிந்துகொண்டாள்.

“படம் போகல, போகலன்னே சொல்லிட்டிருந்தாங்களே சார். ஏன் சார் போகல?”

பூதலிங்கம் குருவைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் பதில் அவளிடம்தான் இருக்கும்.

“எங்கிட்ட சொன்னதை இவங்ககிட்ட சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா. “நானும் கூட நிக்கேன்.”